ஆடிப் பத்தொன்பது

அந்த யோசனை எனக்கு முதலில் தட்டியது தீர்த்தமலைப் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது. அன்றைக்கு ஆடிப் பத்தொன்பது. முந்தின நாள் பதினெட்டுக்கு மலை கொள்ளாத ஜனம். தீர்த்தத்துக்கு வரிசையில் நின்று, தலையில் விழுந்த இரண்டு சொட்டோடு தள்ளப்பட்டு இறங்கியவர்கள் எல்லோரும் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். எங்கள் வேனில் வந்த பதினாறு பெண்கள் மட்டும் பாறையிலிருந்து விழுந்த தண்ணீரில் ஆசை தீர நின்றுவிட்டு, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு இறங்கினோம். படியெல்லாம் நசுங்கிய பூ, வாழைப்பழத் தோல், ஜோடி தொலைந்த செருப்புகள்.

பாதி வழியில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். ஏதோ ஒரு பயணப் பக்கத்தில் ஒரு படம் வந்தது. நீலக் கடல், வெள்ளை மணல், வரிசையாக ஓலைக் குடைகள், குடைக்குக் கீழே சாய்வு நாற்காலிகள். ஓர் ஆள் இல்லை. துனீசியா என்று போட்டிருந்தது. ஆப்பிரிக்காவின் வடக்கு ஓரம். கலவரப் பயத்தில் ஒரு தடவை, நோய்ப் பயத்தில் ஒரு தடவை என்று சுற்றுலாக்காரர்கள் கைவிட்டுப் போன கடற்கரை ஊர், இப்போது மெல்லத் தேறி வருகிறதாம்.

எங்களைக் கூட்டிவந்த டூர் அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"எந்த ஊரு கண்ணு இது? ஒரு ஈ காக்கா காணோம்!"

மற்ற பெண்கள் நகைக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று விடும் பெருமூச்சு அவரிடமிருந்து வந்தது. போலாமாக்கா என்று கேட்டேன். விளையாட்டுக்குத்தான் கேட்டேன். அவர் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பஸ்ஸு போவுமா?"

கடத்தூரில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. நான் பொறியியல் முடித்துவிட்டு வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம். ஆறு மாதத்துக்குள் காளான் வளர்ப்பு, யூடியூப் சேனல், ஆன்லைன் டியூஷன் என்று மூன்று தொழில் தொடங்கி மூன்றையும் மூடியிருந்தேன். அவரோ இருபது வருடமாக ஒரே தொழில். வேன் பிடித்துப் பெண்களைக் கோயில் குளம் கூட்டிப்போவது. அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. வீட்டு வரி ரசீதைத் தவிர வேறெங்கும் அதை நான் பார்த்ததில்லை. ஊருக்கே டூர் அக்கா. வாய் கொழுத்தவர்களுக்கு 'மறுநாள் அக்கா'.

ஏனென்றால் எந்த விசேஷத்துக்கும் அவர் மறுநாள்தான் போவார். ஒகேனக்கல்லுக்கு ஆடிப் பத்தொன்பது. திருவண்ணாமலைக்குத் தீபத்துக்கு மறுநாள். வேளாங்கண்ணிக்குத் தேர் முடிந்து, கொடி இறக்கி, பந்தல்காரர்கள் மூங்கில் அவிழ்க்கும் நேரத்தில் போய் இறங்குவார். சகாயமேரி அக்கா அவருடைய நிரந்தரப் பயணி. பொம்மிடிப் பக்கம் இரண்டு ஏக்கர் மஞ்சள் போடுகிற கத்தோலிக்கக் குடும்பம். வாய் மட்டும் பத்து ஏக்கர். அவர் கேட்பார்:

"ஏன்டி, மாதா பத்து நாளு கூட்டத்தச் சமாளிச்சுட்டு இப்பத்தான் செத்தக் கண்ணசந்திருப்பா. அவளப் போயி எழுப்பறியே, உனக்கே நல்லாருக்குதா?"

"இன்னிக்குத்தான் அவ ஃப்ரீ. நீ சொல்றத முழுசாக் கேப்பா. உன்னுது நீளமால்ல இருக்கும்."

இந்த மறுநாள் புத்தி கோயிலோடு நிற்கவில்லை. பொம்மிடி ஸ்டேஷன் எதிரே நாலு மெஸ் இருந்தால், ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் மெஸ்ஸில்தான் வேனை நிறுத்துவார். ஆளில்லாத கடையில் சட்னி நேற்றையதாக இருக்கும் என்று சகாயமேரி அக்கா சத்தம் போடுவார். பல தடவை அது உண்மையாகவும் இருந்தது. ஆனால் அந்தக் கடைக்காரர் பதினாறு பேரை ஒன்றாகப் பார்த்த சந்தோஷத்தில் ஓடி ஓடிப் பரிமாறுவார், கேட்காமல் ஆம்லெட் வரும். "பாத்தியா கவனிப்ப?" என்பார் அக்கா, புளித்த சட்னியை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே.

கல்யாணத்துக்கும் மறுநாள். மொய்க் கவரோடு போய், தூக்கம் கெட்ட கண்ணோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் அரை மணி நேரம் பேசிவிட்டு வருவார். சாவு வீட்டுக்கு நாலாம் நாள். என் தாத்தா இறந்தபோது உறவெல்லாம் சாமான் கட்டிக்கொண்டு கிளம்பிப் போன காலையில் அவர் வந்தார். யாரையும் கேட்காமல் அடுப்படிக்குள் போனார். "இன்னிக்குத்தான் காப்பி வெக்க ஆளிருக்காது" என்று என் அம்மாவிடம் ஒரு டம்ளரை நீட்டினார். அம்மா அந்த மூன்று நாளும் அழாத அழுகையை அப்போதுதான் அழுதார்.

ஏன் இப்படி என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார். டிரைவரிடம் ரோடு ஃப்ரீ என்பார். லாட்ஜுக்காரரிடம் வேறு. என்னிடம் ஒரே ஒரு தடவை, வேன் பஞ்சரான ஒரு மத்தியானம், வேப்பமரத்தடியில் சொன்னார். அவருடைய அப்பா திருவிழாவுக்குத் திருவிழா பொரிக்கடை போட்டவர்.

"மறுநாளு மூட்டை மூட்டையாப் பொரி மிஞ்சிக் கெடக்கும் கண்ணு. நமுத்துப் போயிரும்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு ஒக்காந்திருப்பாரு. அந்நேரம் ஒரே ஒரு ஆளு வந்து ஒரு படி பொரி குடுங்கன்னு கேட்டா, அப்பா எந்திரிச்சு நின்னு அளப்பாரு. ஒரு படிக்கு ஒண்ணேகாப் படி போடுவாரு. நேத்து வந்தவங்கெல்லாம் கூட்டம், இவருதான் விருந்தாளிம்பாரு."

அப்படிப்பட்டவர் காலி நாற்காலிப் படத்தைப் பார்த்தால் சும்மா இருப்பாரா?

பெண்களைச் சேர்க்க அவர் சொன்ன வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: "கழுத்து வரைக்கும் எறங்கலாம்." வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் புரியாது. எங்கள் மாவட்டத்தில் கடல் கிடையாது. கன்னியாகுமரி, ராமேஸ்வரம், வேளாங்கண்ணி எல்லாம் போயிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் கணுக்கால், மிஞ்சினால் முழங்கால். நனைந்த சேலையோடு கரையேறினால் நூறு ஆம்பளைக் கண். அதனால் ஆசையைச் சுருட்டி முழங்காலோடு நிறுத்திக்கொண்டவர்கள். டூர் அக்கா கணுக்கால்கூட இல்லை. அத்தனை கடலிலும் கரையில் நின்று எல்லோருடைய செருப்பையும் பையையும் காவல் காத்தவர் அவர்தான்.

"இந்தத் தடவ நானும் எறங்குவன்" என்று சகாயமேரி அக்காவிடம் சொன்னார். "ஆளே இல்லாத ஊர்ல செருப்ப எவன் தூக்கப் போறான்?"

டூர் அக்காவையும் என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் ஆனோம். ஆடு விற்றவர், பால் காசு சேர்த்தவர், மகனிடம் சண்டை போட்டு வாங்கியவர் எல்லாம் உண்டு. பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் நான் அலைந்த கதை தனி. கடலில் இறங்குவதற்கென்று தருமபுரியில் ஒரே துணித் தானில் வெட்டிய பன்னிரண்டு நைட்டி தைத்தார்கள். மெரூன் நிறத்தில் மஞ்சள் சாமந்திப் பூ.

எந்த மாதம் போவது என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அடுத்த வருட ஆடி. கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது, எல்லாப் பெண்களும் சும்மா இருப்பார்கள், வேன் மலிவு. இருபது வருடமாக அக்காவின் தொழில் ரகசியமே ஆடியும் மார்கழியும்தான். ஆனாலும் அவர் ஒரு தடவை என்னிடம் கேட்டார். அதை இங்கே மறைக்காமல் எழுதியாக வேண்டும்.

"கண்ணு, அவங்களுக்கும் ஆடி உண்டா?"

"ஆப்பிரிக்காவுலயா? அங்க ஆடியாவது ஆவணியாவதுக்கா" என்று சிரித்தேன். படித்தவள் சிரித்த சிரிப்பு. ஹோட்டலிலிருந்து 'இவையே கடைசி அறைகள்' என்று மின்னஞ்சல் வந்தது. "எல்லா ஹோட்டலும் இப்படித்தான் பயமுறுத்தும்" என்று அதற்கும் நானே விளக்கம் சொன்னேன்.

பெங்களூரில் ஏறி, வளைகுடாவில் மாறி, தலைநகர் துனிஸில் இறங்கி, பஸ்ஸில் கடற்கரை ஊருக்குப் போனோம். கடல் தெரிந்ததும் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். அடுத்த திருப்பத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் கார்கள், காருக்கு முன்னால் கார்கள். கூரை மேல் பாய், குடை, காற்றடித்த முதலை பொம்மை. பக்கத்து நாடான அல்ஜீரியாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஐஸ்கிரீம் கடையில் அடிதடி. ஒலிபெருக்கியில் பாட்டு. மணலில் ஒரு சாண் இடமில்லை. நான் படத்தில் பார்த்த நாற்காலிகள் அத்தனையும் அங்கேயே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் எண்ணெய் பூசிக்கொண்டு கிடந்தார்.

சகாயமேரி அக்காதான் வாயைத் திறந்தார்.

"ஏன்டி, இது பத்தொன்பதா, பதினெட்டா?"

வரவேற்பறைப் பையனிடம் கேட்டேன். ஜூலையும் ஆகஸ்டும்தான் அவர்களுக்குத் திருவிழா; பள்ளி விடுமுறை, ஐரோப்பாவுக்கும் விடுமுறை, இந்த வருடம்தான் பல காலத்துக்குப் பிறகு பழையபடி நிரம்பியிருக்கிறது என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னான். நான் பார்த்த படம் அந்த ஊர் படுத்துக் கிடந்த காலத்துப் படம். அது தேறி எழுந்து வேட்டி கட்டி நின்ற நாளில் நாங்கள் போய் இறங்கியிருக்கிறோம்.

முதல் இரண்டு நாள் ஒருவரும் கடலில் இறங்கவில்லை. சாமந்திப் பூ நைட்டியைப் போட்டுக்கொண்டு பால்கனியில் வரிசையாக நின்று கடலைப் பார்த்தார்கள். கீழே அரைத் துணியில் வெள்ளைக்காரர்கள், தலையிலிருந்து கால்வரை மூடிய நீச்சலுடையில் அரபுப் பெண்கள், பந்தாடும் ஆண்கள். "எங்கூரு ஏரியே தேவல" என்றார் சகாயமேரி அக்கா. "அங்க எருமைதான் வேடிக்க பாக்கும்."

சாப்பாட்டுக் கூடத்தில் நீள வரிசை. தட்டைப் பிடித்துக்கொண்டு டூர் அக்கா அதில் நின்றதைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. இருபது வருடம் எந்த வரிசையிலும் நிற்காதவர். இரண்டு ரொட்டியோடு வந்து மூலையில் உட்கார்ந்தார்.

"என் வாயப் பாத்து வந்தாங்க கண்ணு. ஆட்ட வித்துட்டு வந்திருக்கா ஒருத்தி. ஊருக்குப் போயி, கடலு எப்படி இருந்துச்சுன்னு கேட்டா என்னன்னு சொல்லுவா? மாடியிலருந்து பாத்தன்னா? இனிமே எவ என் வேன்ல ஏறுவா?"

"தப்பு என்னுதுக்கா. நீங்க சரியாத்தான் கேட்டீங்க."

"கேட்டனா?" என்றார். நிஜமாகவே மறந்திருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை துண்டு கேட்க இரண்டு பேரும் வராந்தாவுக்குப் போனோம். எங்கள் தளத்தைச் சுத்தம் செய்யும் பெண் நஜ்வா தள்ளுவண்டியோடு நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். கொஞ்சம் ஆங்கிலம், மீதி என் போனின் மொழிபெயர்ப்பு. துண்டு என்று அக்கா சைகை காட்டியதும் நஜ்வா வண்டியின் அடித்தட்டு வரை திறந்து காட்டினார். காலி. இரண்டு கையையும் விரித்துச் சிரித்தார். வருத்தம் கொஞ்சமும் இல்லாத சிரிப்பு. "தீர்ந்துவிட்டது! எல்லா அறையும் நிரம்பிவிட்டது! சலவைக்கூடத்திலும் இல்லை!" என்று போன் ஆங்கிலத்தில் சொன்னதை நான் அக்காவுக்குச் சொன்னேன்.

பிறகு அவரே சொன்னார். ஹோட்டல் இரண்டு தடவை பூட்டப்பட்டதாம். அண்ணன் ஊரில் ஆலிவ் பறிக்கப் போனாராம். திரும்பக் கூப்பிட்டபோது பாதிச் சம்பளம். இந்த மாதம்தான், துண்டு போதவில்லை என்று மேலாளரிடம் போய்ச் சண்டை போட்டாராம். அதைச் சொல்லும்போது இடுப்பில் கைவைத்து அந்தச் சண்டையை நடித்தே காட்டினார்.

அக்காவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. "தீந்துருச்சாம்" என்றார் என்னிடம். நான்தான் மொழிபெயர்த்துச் சொன்னேன் என்பதே மறந்துபோய், எனக்குப் புதிதாகச் சொன்னார். "எங்கப்பாவுக்கு ஒரே ஒரு வருசம் அப்படித் தீந்துச்சு. மத்தியானத்துக்கே. காலிச் சாக்க ஒதறி ஒதறிக் காட்டுனாரு, வர்றவங்க போறவங்க எல்லாத்துக்கும்."

எந்த ஊர் போனாலும் கேட்கும் கேள்வியை நஜ்வாவிடமும் கேட்டார். கூட்டம் எப்போது இருக்காது? டிசம்பர், ஜனவரி என்றார் நஜ்வா. காற்று, மழை. ஒருவரும் வரமாட்டார்கள். எங்களில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதைச் சிரிக்காமல் சொன்னார். அக்கா தலையாட்டிக்கொண்டார்.

துண்டில்லாமலேயே கடலுக்குப் போனோம். அக்கா மணலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். தண்ணீரில் ஒரு அல்ஜீரியக் கிழவி, முழு அங்கியோடும் முக்காட்டோடும் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அலை வந்து மூஞ்சியில் அறைய அறைய, பேரன்களைத் திட்டிக்கொண்டே சிரித்தார். பக்கத்தில் பந்தாடியவர்கள் பந்தையே பார்த்தார்கள். அக்கா பால்கனியை அண்ணாந்து பார்த்து, வேன் கிளம்பும்போது கொடுக்கும் அதே குரலைக் கொடுத்தார்.

"எறங்கி வாங்கடி எல்லாரும்! ஓரமா நின்னாத்தான் பாப்பாங்க. கூட்டத்துக்குள்ள பூந்துட்டா ஒருத்தனும் பாக்க மாட்டான்!"

மாடியிலிருந்து பத்து மெரூன் நைட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக மணலில் இறங்கின. உண்மையில் கொஞ்சம் பார்த்தார்கள். ஒரு பெண் என்னிடம் வந்து, நீங்கள் எந்த நாட்டு அணி என்று கேட்டார்.

"கடத்தூரு கபடி டீமுன்னு சொல்லுடி" என்றார் சகாயமேரி அக்கா, தண்ணீரைப் பார்த்து நடந்துகொண்டே.

முழங்கால். இடுப்பு. அங்கே ஒரு நொடி எல்லோரும் தயங்கினார்கள், பழக்க தோஷம். பிறகு ஆடு விற்ற அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு குபுக்கென்று உட்கார்ந்தார். அவ்வளவுதான். கடல் முழுக்கச் சாமந்திப் பூ.

திரும்பிப் பார்த்தால் டூர் அக்கா கரையில் பன்னிரண்டு ஜோடிச் செருப்பையும் வட்டமாக அடுக்கி, நடுவில் நின்றிருந்தார். கூட்டம் இருக்கிற ஊராயிற்றே, காவல் வேண்டாமா? சகாயமேரி அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு ஈரம் சொட்டக் கரையேறி வந்தார்.

"எவனாச்சும் தூக்கிட்டுப் போவட்டும். பன்னெண்டு பேரும் வெறுங்காலோட ஊருக்குப் போறோம். வா."

"பாஸ்போட்டுப் பையி..."

"அதக் கழுத்துல மாட்டிருக்கறது நீயி. இந்தப் புள்ளகிட்டக் குடு. இவ கெடுத்ததுக்கு இவ காக்கட்டும்."

அதனால் பையோடு நான் கரையில். டூர் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அக்கா ஒவ்வொரு அலைக்கும் நின்று நின்று போனார். கடைசியில் கழுத்துக்கு மேலே மட்டும் தெரிந்தது. பெரிதாக ஒரு அலை வந்து அதையும் மூடியது. நான் எழுந்து நின்றுவிட்டேன். இருமிக்கொண்டு வெளியே வந்த தலை, கோபமாகக் கத்தியது.

"இவ்வளவு உப்புன்னு ஒருத்தியும் சொல்லவே இல்லியே!"

இருபது வருடம் ஊரையே கடலுக்குக் கூட்டிப்போனவர் சொன்னது.

ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. இதை மட்டும் இன்னும் மூடாமல் வைத்திருக்கிறேன். மூன்று வருடத்தில் அக்காவை நேரில் பார்த்தது நாலு தடவை இருக்குமா? முட்டி வலியால் மலைக்கோயில்களை விட்டுவிட்டார் என்று அம்மா சொல்வார். போன வாரம் அவரிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. முன்னுரை எதுவும் இல்லை.

"கண்ணு, மார்கழிக்கு அந்த ஊருக்குச் சீட்டுப் பாரு."

கூப்பிட்டேன். குளிர்காலத்தில் அங்கே கடலில் கால் வைக்க முடியாது, மழை, பாதிக் கடை மூடியிருக்கும் என்று இந்தத் தடவை எல்லாவற்றையும் படித்துப் பார்த்துச் சொன்னேன். பக்கத்தில் சகாயமேரி அக்காவின் குரல் கேட்டது.

"குளிக்கவும் முடியாது, வெயிலும் இல்ல. அப்புறம் என்னாத்துக்குடி அவ்வளவு தூரம்?"

"போயி ஒக்காந்துட்டு வரலாம்" என்றார் அக்கா. "அந்தப் புள்ள நஜ்வா வூட்டுலதான இருப்பா அப்ப."

ஹோட்டலுக்கு எழுதினேன். முப்பது பேர் வருவதாக இருந்தால் எங்கள் தளத்தைத் திறந்து, நஜ்வா உட்பட அதன் பணியாட்களைக் கூப்பிட்டுக்கொள்வார்களாம். குறைந்தால் இல்லை. இப்போதைக்குப் பதினேழு பேர். போன தடவை நைட்டி தைத்துக்கொண்டு வந்தவர்களில் மூன்று பேர், அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் நாங்கள் வரவில்லை என்றுவிட்டார்கள். மீதிப் பதின்மூன்று பேரைப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை கடத்தூர் போகிறேன். கழுத்து வரைக்கும் இறங்கலாம் என்று சொல்ல முடியாது. படம் எதையும் காட்டப்போவதில்லை. வீடு வீடாகப் போய், யாரும் வராத மாதத்தில் ஆப்பிரிக்கா வரை போய் உட்கார்ந்துவிட்டு வரலாமா என்றுதான் கேட்கப்போகிறேன்.